எழுபது நிமிடப் பயணம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலம் என்பதை நீ அனுப்பும் படங்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம்.

போன வாரம் போனில், "அவ்வளவு தூரம் நினைச்ச உடனே வர முடியுமாப்பா?" என்று கேட்டாய். முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவனிடம் தூரக் கணக்கா? பழைய சுவர்ப்படத்தை இறக்கி, பக்கத்து நாடுதானே என்று, நம் ஊருக்கும் உன் ஊருக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். பதினான்கு சென்டிமீட்டர், ஒரு ஜாண்கூட இல்லை. சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றால் எழுநூறு, விமானத்தில் எழுபது நிமிடம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் அலுவலகத்தில் நிரூபிக்க வரிசையில் நின்றதே இரண்டு மணி நேரம். நீ ஏறி, பெல்ட்டை மாட்டி, பழரச டப்பாவைப் பிரிப்பதற்குள் இங்கே இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாடி வீட்டுத் தையல்காரம்மாகூட, "மூணு வருஷமாச்சே சார், பையன் நடந்தா வர்றாரு?" என்று கேட்டார். நடந்திருந்தால், நாளைக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தாலும் முப்பத்தைந்து நாளில் வந்து சேர்ந்திருப்பாய்.

"நான் வந்த பிறகு ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்று நீ சொன்னதால் அம்மாவின் கண்ணை இரண்டு தடவை தள்ளிப்போட்டோம். கண்புரைக்கு உன் லீவு கணக்கெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு முற்றிவிட்டது. டாக்டரம்மா சத்தம் போட்டதும் போன வியாழக்கிழமை வலது கண்ணுக்கு முடித்துவிட்டோம். பாலம் வேலை நடப்பதால் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், உன் விமானத்தைவிட அதிகம். கட்டு அவிழ்த்ததும் முதலில் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தவள் நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். நல்ல பெண், சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை எடுத்தாள். "லீவே இல்லம்மா" என்று நீ சொன்ன வாரத்தில் பேரன் படம் ஒன்று அனுப்பினாயே, நீலக் கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தாளே, அதே படம். அது நீச்சல் குளம் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். நல்ல கம்பளம்தான் என்று தலையாட்டி வைத்தேன். இப்போது அவளே பின்னால் இருந்த ஓட்டல் பலகையில் தீவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, "இந்தத் தீவு அவன் ஊர்ல இருந்து எவ்வளவு தூரங்க?" என்றாள். பூகோள வாத்தியார் பொய் சொல்லலாமா, விமானத்தில் ஐந்து மணி நேரம் என்றேன். கண்ணாடித் துணியால் போனைத் துடைத்தாள். "போகட்டும், புள்ளைக்குத் தண்ணி பயம் போயிடுச்சு" என்றாள். உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இடது கண்ணுக்கு வருகிற பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. உன் ஊரில் காலை ஏழு பத்துக்குக் கிளம்பும் விமானம் எட்டு இருபதுக்கு வந்துவிடும். வெளியே வர ஒரு மணி நேரம், பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் போட்டுக்கொள். பத்து ஐம்பது. மிச்சம் எழுபது நிமிடம். அதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கழி.

மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருங்கள். பேரனுக்கு என் முத்தங்கள். மறக்காதே, கட்டு அவிழ்ப்பது மறுநாள் காலை. அன்றைக்கு அந்த நர்ஸ் லீவு. அவளுக்குக் கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா