ஆத்தூர்ச் சாலையில் உன் லாரி

தோழா,

எத்தனை முறை கழுவியும் என் விரல்களை விட்டு டீசல் மணம் போகவில்லை. போகவேண்டாம். உனக்கு எழுதும் கைக்கு அதுவே பொருத்தம்.

இன்று காலை உன் பழைய லாரி, இராசிபுரம் தாண்டி ஆத்தூர்ச் சாலையில் நின்றுவிட்டது. ஓட்டியவர் உன் மனைவி, அருகில் நான். பின்னால் நிறைய மரவள்ளிக்கிழங்கு. தோண்டிய கிழங்கு வெயிலில் கிடந்தால் கறுத்துவிடும். சவ்வரிசி ஆலை திருப்பி அனுப்பிவிடும். நீ மறைந்தபின் அவர் ஏற்றிய முதல் சுமை அது. "இந்த நடை கெட்டுச்சுன்னா வண்டிய வித்துப்போடலாங்க அண்ணி" என்று உன் தம்பி முன்பே சொல்லியிருந்தான். நீ ஓட்டப் பழக்கி, உரிமமும் எடுத்துக் கொடுத்தவரின் ஓட்டுநர் இருக்கை அந்தச் சுமையை நம்பியிருந்தது.

சிறிது தொலைவு ஓடும், இழுவை குறையும், விக்கி அணையும். ஆறவிட்டுக் கிளப்பினால் ஒன்றும் நடவாததுபோல் உறுமும். பிறகு மீண்டும் அதே கதை. தொலைபேசியில் மெக்கானிக், "டீசல் பம்பு போயிருச்சுங்க, கழட்டியாகோணும்" என்றார். கழற்றினால் கிழங்கின் கதை அன்றோடு முடிந்தது.

ஆயினும் என் கை ஸ்பேனருக்குப் போயிற்று. அப்போது உன் நினைவு குறுக்கே வந்து நின்றது.

நான் மேடைப் பேச்சுக்குப் போகுமுன் நாம் இருவரும் ஒரே டீசல் பட்டறையில் கருப்பேறியவர்கள். அங்கே நாம் சண்டையிடாத நாளில்லை. "பங்காளி, நீ தீர்ப்பச் சொல்லிப்போட்டு அப்பறம் சாட்சி தேடுற ஆளு. டீசல் எங்கிருந்து வருதோ அங்கிருந்து வா" என்பாய். "நீ மேடையேறுனா கூட்டம் விடிய விடிய டேங்குகிட்டயேதான் நிக்கும்" என்பேன். மட்கார்டைத் தட்டித் தட்டிச் சிரிப்பாய்.

பம்பை விட்டேன். ஃபில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினேன். நுரை இல்லை, ஆகவே குழாய் எங்கும் காற்றை இழுக்கவில்லை. ஃபில்டர் உன் மனைவியே மாற்றிய புதிது. ஆனாலும் டீசல் தயங்கித் தயங்கியே வந்தது. டேங்கிடம் போய் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று டேங்க் மூச்சை இழுத்தது.

மூடியில் காற்று புகும் சிறு துளை இருக்கிறதே, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கல்லாய் இறுகியிருந்தன. உள்ளே காற்று புகாமல் டீசல் எப்படி வெளியேறும்? நீ இல்லாமல் வந்த முதல் ஆயுதபூசை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

சடங்குகளுக்கு எதிராக ஊர் ஊராய் முழங்கியவன் நான். அந்த மூடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். உன் மனைவியே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அவரு டேங்குமேல ஒரு பொட்டுத்தான் வெப்பாரு. அவரு இல்லீன்னு நாந்தான் அள்ளி அப்பிப்போட்டேன்."

அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே நிமிர்ந்தார். "ஏனுங்ண்ணா, இதையக் கொண்டுபோயி மேடையில பேசிப்போடாதீங்க!"

"பேசமாட்டேன் அம்மணி. ஊக்கு இருந்தாக் குடுங்க."

சேலையில் குத்தியிருந்ததை எடுத்துத் தந்தார். துளையைக் குத்தித் திறந்தேன். அதன்பின் வண்டி ஆத்தூர் வரை ஓரிடத்திலும் விக்கவில்லை.

ஆலையில் ஒருவர் கிழங்கை ஒடித்துப் பார்த்தார். பால்போல் வெண்மை. "டிரைவர் எங்கே?" என்று என்னைக் கேட்டார். "நாந்தானுங்க" என்று இருக்கையிலிருந்து குரல் வந்தது. உன் தம்பி அழைத்தபோதும் அதே குரல்தான்: "வண்டி விக்கறதுக்கில்ல சாமி."

பிறகு என்னிடம் திரும்பி, "நாளைக்கு நீங்க வரவேண்டாங்ண்ணா. எங்கிருந்து பாக்கோணும்னு கண்டுக்கிட்டேன்" என்றார்.

பேருந்தில் திரும்பினேன், தோழா. உன் வண்டிக்கு இனி என் கை தேவைப்படாது. உனக்காகத் தர என் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. 'பொம்பளைக்கு எதுக்கு லாரி' என்று நம் ஊரில் எவன் வாய் திறந்தாலும் அவன் முன் போய் நிற்பேன். அதற்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை.