வெள்ளிக்கிழமை எரிந்து ஞாயிற்றுக்கிழமை செத்த அண்ணைக்கு

என்ரை ஆசை அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் போட நாலு வரி எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். அன்பே உருவானவர், பண்பின் சிகரம் என்று எல்லோரும் எழுதுவதை எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் மொன்றியலுக்குத் திரும்பி வந்து, சனமும் வாசிக்கட்டும் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

பதினொரு வருடமாகப் போனில் ஒரே கதை. "வாடா தம்பி, ஆத்தங்கரையாலை மெல்ல நடப்பம். ஊத்துமட்டும் ஒரு மணித்தியாலம்தான். நான் கூட்டிக்கொண்டு போறன்." சுவிஸ் மலைகளுக்கு அடியில், பாட் ராகாஸ் என்ற அந்தப் பழைய வெந்நீரூற்று ஊரில், ஹோட்டல் லாண்டரியில் குளியல் அங்கிகளைத் தோய்த்தபடி நீங்கள் கூப்பிட்டீர்கள். நானோ இங்கே டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் துணி, தம்பி கோப்பை. இரண்டு கண்டங்களைச் சுத்தமாக வைத்திருந்த குடும்பம் எங்களுடையது.

கடைசியில் வந்தேன். கூட்டிக்கொண்டு போக நீங்கள் இல்லை. அண்ணிதான் கூட்டிப்போனார்.

ஒக்டோபர் வெயில். மொன்றியல் குளிரைக் கண்டவன் என்ற பெருமையில் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் வியர்த்து வழிந்தேன். உங்கள் தமினா ஆறு, ஆறு மாதிரியா இருக்கிறது? கல்லுக்குக் கல் பாய்ந்து, கதைக்கவிடாமல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. ஹோட்டல் பக்கம் வெள்ளை அங்கியும் செருப்புமாகச் சிலர் ஆஸ்பத்திரி நோயாளிகள் மாதிரிச் சாவகாசமாக நடந்தார்கள்.

"பாவங்கள். எல்லாரும் வருத்தக்காரரோ, அண்ணி?"

"இல்லைத் தம்பி, காசுக்காரர்."

அண்ணிக்கும் அவசரமில்லை. நீங்கள் நிற்கிற இடமெல்லாம் நின்றார். நீங்கள் சொல்கிற கதையெல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் நோயாளிகளைக் கயிற்றில் கட்டி மலை இடுக்குக்குள் இறக்குவார்களாம். நாட்கணக்காகச் சுடுதண்ணீருக்குள்ளேயே இருந்து, சாப்பாடும் நித்திரையும் அதற்குள்ளேயேதானாம்.

ஊர் பேர் தெரியாத நோயாளிகளின் கதையெல்லாம் சொன்ன நீங்கள், உங்கள் நோயை மட்டும் ஏன் சொல்லவில்லை? கடைசியாகக் கதைத்தபோது குரல் கம்மியிருந்தது. "சளி, தடிமன்" என்றீர்கள். "சுடுதண்ணி ஊரிலை இருந்துகொண்டு தடிமனோ" என்று நான் கெக்கட்டமிட்டுச் சிரித்தேன். அது ஈரலில் புற்றுநோய். என் சிரிப்பை நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அண்ணை.

பாதையோரத்து வாங்கில் இருந்த ஒருவர் எங்களைக் கண்டதும் எழும்பினார். உங்களோடு லாண்டரியில் நின்ற மன்னார்க்காரர் என்று அண்ணி சொன்னார். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மொன்றியல் தம்பியோ? குறை நினைக்கக் கூடாது. நான் வேதக்காரன், உங்கடை சைவமில்லை. ஆனா அண்டைக்கு வேறை ஆளில்லை. வெள்ளிக்கிழமை எரிக்கிற பொத்தானை நான்தான் அமத்தினனான்."

"திங்கட்கிழமை" என்று நான் திருத்தினேன்.

"இல்லைத் தம்பி, வெள்ளி. செவ்வாய் முடிஞ்சவர், வெள்ளி எரிச்சது."

அண்ணி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சொல்லப்பட்டது வேறு. சனிக்கிழமை என் மகள் நிலானியின் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான சடங்கு. நீங்கள் ஞாயிறு காலமானீர்கள், திங்கள் தகனம், சுவிஸ் சட்டம் காத்திருக்க விடவில்லை, முப்பத்தொன்றுக்கு வந்தால் போதும். மூன்றுதரம் ஓ.எல். பரீட்சை எழுதியும் தேறாதவன், நான் நம்பினேன்.

"அவர்தான் என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், தம்பி" என்றார் அண்ணி. "'துடக்கெண்டு பிள்ளையின்ரை சடங்கை நிப்பாட்டிப்போடுவான். அது முடியுமட்டும் அவனுக்குச் சொல்லக்கூடாது' எண்டவர்."

"வேறை ஆருக்குத் தெரியும்?"

"பவானிக்கு மட்டும்."

என் மனிசிக்கு!

ஓம், கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, நல்ல காரியம் இல்லை. நிப்பாட்டியிருப்பேன்தான். நிப்பாட்டினால் என்ன? தை மாதம் வைத்திருப்போம். அதற்குள் பிள்ளை திரும்பவும் சின்னப்பிள்ளை ஆகிவிடுமோ?

உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். நீங்கள் எரிந்த வெள்ளிக்கிழமை நான் இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் சடங்குக்கு எடுத்த ஹோலில், ஏணியில் ஏறி நின்று பலூன் கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பல்லக்குக்கு முன்னால் ஆடினேன். வீடியோவில் இருக்கிறது: நான் ஒரு பக்கம் ஆட, தொந்தி மறுபக்கம் ஆடுகிறது. ஊரே சிரிக்கிறது. அந்த வீடியோவை இனி எந்தக் கண்ணால் பார்ப்பேன்? ஆரைக் கேட்டு இந்த முடிவை எடுத்தீர்கள்?

திரும்பிப் போவோமா என்று அண்ணி கேட்டார். வீம்புக்கு நடந்தேன். மலைச்சுவர் இரண்டும் கிட்டக் கிட்ட வந்து, வானம் ஒரு கீற்றாகி, ஆவி பறக்கிற ஊற்றடிக்குப் போய் நின்று உங்களைப் பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். ஒரு வெள்ளைக்கார அம்மா பயந்து ஒதுங்கி வழிவிட்டார். பேசிக் களைத்துத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். கேத்திலில் ஆறிப்போன தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்கா, அண்ணை, பதினொரு வருடம் கூப்பிட்டீர்கள்?

மொன்றியலுக்கு வந்து பெட்டியைக் கீழே வைக்க முதலே பவானியைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்தவரின்ரை சொல்லைத் தட்டச் சொல்லுறியளோ?" என்றாள். "நாலு நாள் உங்களுக்கு முன்னாலை சிரிச்சுக்கொண்டு திரிஞ்சனான். குளியலறைக்குள்ளை போய் அழுதனான். அது லேசெண்டு நினைச்சியளோ?"

லேசில்லைத்தான். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் நிலானி பள்ளிக்கூடத்தால் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, பெரியப்பா என்ரை படங்கள் பாத்தவர்தானே? சனிக்கிழமையே ஈமெயிலிலை அனுப்பினனான்."

ஞாயிறு வரை நீங்கள் இருந்ததாகத்தானே அவளுக்கும் சொல்லியிருக்கிறோம்.

"ஓம் குஞ்சு, பாத்தவர். நல்ல வடிவெண்டு சொன்னவராம்."

"மெர்சி, அப்பா" என்று நன்றி சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அண்ணை. வாயைத் திறந்தேன், பொய் தானாக வந்தது. வடிவென்று சொன்னதாக மேலதிகமாக ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். உங்களுக்கும் இப்படித்தான் வந்ததோ? பாசம் என்று நினைத்துத்தான் செய்தீர்களோ? அதற்காக மன்னித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.

பவானி பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் என்கிறாள். தன் சடங்கை நினைக்கும்போதெல்லாம் பிள்ளை அழும் என்கிறாள். அழுவாள்தான். ஆனால் எங்கள் எல்லோரையும்விட உங்களை அதிகம் தேடுகிறவள் அவள். அவள் எந்த நாளில் அழ வேண்டும் என்று தீர்மானிக்க நான் ஆர்? நீங்கள் ஆர்?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட முதல் அவளிடம் சொல்லுவேன். செவ்வாய், வெள்ளி, படங்கள் நீங்கள் பார்க்காதது, நான் சொன்ன பொய், எல்லாம். பிரெஞ்சிலும் தமிழிலும் கலந்து கத்துவாள், கதவை அடித்துச் சாத்துவாள். கதவுக்கு வெளியே நான் நிற்பேன். திறக்குமட்டும் நின்று, அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுவேன். உங்களைப் போலச் செத்துத் தப்பமாட்டேன், இது சத்தியம்.

கொள்ளி வைக்க விடாத கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் ஒரே தம்பி