புளோயர் ஓடிய கால் மணி நேரம்

கழக்கூட்டம் டவுனில் உன் பேத்தி தங்கியிருக்கும் ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு தட்டுக்கடை இருக்கிறது. நேற்று சாயங்காலம் கரியில் சுட்ட அல்ஃபாம் கோழி வாங்கித் தருகிறேன் என்று என்னை அங்கே உட்கார வைத்தாள். கடைக்காரர் கரியடுப்புக்கு காற்றூதும் ஒரு சின்ன புளோயரைக் காட்ட, புகை நேராக என் முகத்தில் அடித்தது. நான் இருமி முடிப்பதற்குள், எங்களோடு வந்திருந்த, தன்கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் அவள் உன் பெருமையை ஆரம்பித்துவிட்டாள். பிறந்து பத்து நாளில், பொன்முடிக் குளிரில், தாத்தா ஃபேன் வைத்து அறையைச் சூடாக்கித் தன்னைக் காப்பாற்றினாராம். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் புளுகுக்கு மட்டும் சாவு வரவில்லை.

உன்னைப்போல் அகம்பாவம் பிடித்தவனை நான் கண்டதில்லை என்று சொன்னால், அதையும் நீ பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாய். தேயிலை ஃபேக்டரியில் நீ எலெக்ட்ரீஷியன், நான் இலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவன். சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் இருப்பதற்காக மேனேஜரே எழுந்து நிற்க வேண்டும் என்பது உன் நினைப்பு. நெருப்பைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "விறகு தள்ளுறவன் தியரி பேசுகான்" என்று எஸ்டேட் லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாய். ஃபேன் பெல்ட் மாட்டத் தெரிந்ததற்கே இத்தனை தலைக்கனம்.

உன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த மார்கழி அது. லயத்தில் உனக்கு இரண்டே அறை. முன்னால் சமையல், பின்னால் தாயும் பிள்ளையும். தார் டிரம்மை வெட்டி நீ செய்த அடுப்பு முன்னறையில் இருந்தது. புகை போக அதற்கொரு குழாய் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னறையில் வியர்க்கும், பின்னறையில் குழந்தையின் கால் ஜில்லிட்டுக் கிடக்கும். அப்போதுதான் உனக்கு ஞானம் பிறந்தது. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட புளோயரைக் கேட்டு வாங்கித் தூக்கி வந்தாய். அடுப்பு மேலிருக்கும் சூட்டை உறிஞ்சி, தகரக் குழாய் வழியாகப் பின்னறைக்குத் தள்ளப் போகிறாயாம். சூடு தப்பிவிடக் கூடாதென்று ஜன்னலில் சாக்கைத் திணித்தாய், வாசலையும் நடுக்கதவையும் சாத்தினாய்.

"ஃபேக்டரி முழுசுக்கும் காத்து விட்டவன் நான். இந்த ரெண்டு ரூம் எனக்கு ஒரு காரியமாடே?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவன் நான். அடைத்த அறையிலிருந்து காற்றை உறிஞ்சினால், வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழியில்லாவிட்டால் புகைக்குழாய் வழியாகத்தான் இறங்கும், புகையையும் இழுத்துக்கொண்டு. டிரையர் அறையில் அந்தப் புகையை எத்தனையோ தடவை விழுங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றேன்.

முதலில் அடுப்பு வாயில் கொஞ்சம் புகை எட்டிப் பார்த்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நீ விளக்கம் வேறு சொன்னாய். கால் மணி நேரத்தில் புளோயர் அவ்வளவு புகையையும் அள்ளிப் பின்னறையில் கொட்டியது. உள்ளிருந்து உன் மகளின் குரல் வந்தது.

"அப்பா, நிறுத்துங்க. பிள்ளைக்கு சுவாசம் முட்டுகு."

பெரிய எலெக்ட்ரீஷியன், ஒரு சுவிட்ச் கூட வைக்காமல் வயரை நேராகப் பிளக்கில் சொருகியிருந்தாய். புகையில் நீ பிளக்கைத் தேடிச் சுவரைத் தடவினாய். நான்தான் பிடுங்கி எறிந்தேன். குழந்தையைப் பனியில் வெளியே கொண்டு போனபோது அழக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒருவழியாக அழுதது.

புகை அடங்கியபின் உன் டேபிள் ஃபேனைப் பின்னறைத் தரையில், அடுப்பைப் பார்த்தபடி வைத்தேன். நடுக்கதவைத் திறந்துவிட்டேன். தரையோடு குளிர்காற்று அடுப்புக்குப் போனது, அதன் இடத்துக்குச் சூடு கதவின் மேல்பக்கமாக உள்ளே வந்தது. அரை மணியில் குழந்தையின் கால் கதகதத்தது. மறுநாளே வித்துரா சந்தையில் அந்த ஃபேன் உன் யோசனையாகிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கூச்சமில்லாமல் அதைச் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்தேன்.

என் மௌனத்தைப் பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். மண்ணாங்கட்டி. ஃபேன் என் யோசனை என்று சொன்னால், அப்படியானால் புகை வரும் என்பதும் தெரியும்தானே என்று யாராவது கேட்பார்கள். புளோயர் ஓடிய அன்று சாயங்காலமே நீ கேட்டாய். முதல்தடவையாக உன் குரலில் திமிர் இல்லை.

"உனக்கு முன்னமே தெரியுமாடே?"

"நான் விறகு தள்ளுறவன்லா. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். உடனே நம்பிவிட்டாய். என்னைப் பற்றி நீ எப்போதும் நம்பியது அதைத்தானே.

நீ அசடு வழிவதைப் பார்க்கும் ஆசையில், கதவுக்கு அந்தப் பக்கம் பத்து நாள் பிள்ளை கிடப்பது தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. நீ தெரியாமல் செய்தாய், நான் தெரிந்தே நின்றேன். நீ இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் பேத்தியிடம் சொல்லவும் வரவில்லை.