வண்டி யார் பெயரில்?

அன்புள்ள அப்பச்சிக்கு,

கார் ஷோரூம்காரர் உங்களை ஏமாற்றுகிறார். முட்டுவலி தேவலையா? புனேயில் நான் சுகம்.

"ஹைபிரிட் வண்டி, ஆயுசுக்கும் வாரண்டி தாராக கண்ணம்மை!" என்று போனில் துள்ளினீர்கள். நீங்கள் அனுப்பிய வாரண்டித் தாளை நேற்று படித்தேன். முதல் உரிமையாளரிடம் இருக்கும்வரைதான் அந்த ஆயுசு. உங்கள் பெயரில் வாங்கி, கல்யாணச் சீராக மாப்பிள்ளை பெயருக்கு மாற்றினால் வாரண்டி அன்றே முடிந்தது. படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பெண்ணோடு வண்டியும் கொடுக்கும் வழக்கமே எனக்கு ஆத்திரம். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டவே தெரியாது. லைசென்ஸ் வைத்திருப்பவள் நான்! யார் ஓட்டுவது என்று அவரையே கேட்டேன். "நீயே ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்குறேன்" என்கிறார்.

ஆத்தாவிடம் மாவடு வாங்கி அனுப்புங்கள். இங்கே தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. முதல் பதிவே என் பெயரில் வேண்டும், அப்பச்சி. போடுவீர்களா?

உங்கள் மகள்,
கண்ணம்மை