வேலிக்கு வெளியே நின்ற பழைய மாணவன்

மச்சான்,

இன்று காலை இங்கே பலேர்மோவில், பிரான்காச்சோ மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்த ஈர வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே என்மீது எரிச்சலும் வந்தது. எங்கள் ஊர்க் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த உதைபந்தாட்டம் இன்று. நான் இன்னும் செயலாளர்தான். வெட்கம் கெட்டவன்.

இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்த புதிதில், நாம் ஒரே அறையில் இருந்த காலம், மலையடியில் இருக்கும் பெரிய விளையாட்டரங்குக்கு உன்னைக் கூட்டிப் போனேன். ரோஸ் நிறச் சட்டையில் ஊரே எழுந்து நின்று பாடியது. எனக்குப் புல்லரித்தது. நீ கையைக் கட்டிக்கொண்டு குறை பிடித்தாய்.

"பெரிசுதான், ஓம். ஆனா எங்கடை கொலிச் கிறவுண்ட் மாதிரி வருமே? அங்கை மதிலிலை ஒரு சனம், சைக்கிள் கரியரிலை ஒரு சனம், வேம்பிலை ஒரு சனம். இஞ்சை எல்லாரும் சீட்டு நம்பர் பாத்து இருக்கினம்."

"இஞ்சை மழை பெய்தா நனைய மாட்டாய்," என்றேன்.

"நனையாமல் என்னத்துக்கு மட்ச் பாக்கிறது?"

ஊரில் இருந்த அந்தக் கல்லூரி மைதானத்தின் பள்ளம் திட்டியெல்லாம் உனக்கு மனப்பாடம். கிழக்கு மூலையில் பந்து குத்தினால் எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடச் சொல்வாய். உயர்தரம் வரை அதே பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்த மூலையே ஞாபகமில்லை.

சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவர்தான் பழைய மாணவர் என்பது சங்க விதி. நீ எட்டாம் வகுப்பில் போரால் இடம்பெயர்ந்தவன். அது எனக்கு மட்டுமே தெரியும். ஒரு வருட ஆட்டத்தன்று, இதே பிரான்காச்சோ மைதானத்தில் நீ சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவர் பட்டியலைப் பார்த்து, நீ எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய் என்று என்னிடம் கேட்டார். "எட்டு மட்டும்தான்," என்றேன். நேர்மையானவன் என்று பெயர் எடுக்க ஆசை.

நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பிவேலிக்கு வெளியே போய் நின்றாய். இடைவேளையில் தேத்தண்ணி கொண்டு வந்தேன்.

"இப்பதான் எங்கடை கிறவுண்ட் மாதிரிக் கிடக்கு," என்று சிரித்தாய். "வேலியிலையும் ஒரு சனம் நிக்குது."

அதன்பிறகு நீ எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. நானும் வா என்று கேட்கவில்லை.

இந்த மாசியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. சங்கம் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அடித்தது. மேலே கல்லூரிச் சின்னம், கீழே 'எமது கல்லூரியின் பெருமைமிகு பழைய மாணவர்'. அந்த வரியை எழுதியவன் நான். எத்தனையாம் வகுப்பு என்று யாரும் கேட்கவில்லை. செத்தவனைச் சேர்த்துக்கொள்வதில் சங்கத்துக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உயிரோடு இருந்தவனுக்குத்தான் விதி. பதாகையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எறியவும் முடியவில்லை, விரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

இன்று ஆட்டம் தொடங்கியதும் வேலிக்கு வெளியே, நீ நின்ற இடத்தில் போய் நின்றேன். மேலே மாடிவீட்டுப் பால்கனிகளில் காயப்போட்ட துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அங்கிருந்து ஒரு பக்கக் கோல் கம்பம் மட்டும்தான் தெரிகிறது, மச்சான். நீ அன்று ஆட்டம் முடியும்வரை நின்றாய்.

நான் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. உள்ளே இருந்து செயலாளரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.