யாரும் தடுக்கவில்லை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். சின்னவளுக்குச் சளி விட்டதா?

செவ்வாய்க்கிழமை உன் கடை ஆட்கள் என்னை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்க வரவில்லை. எட்டு மணியிலிருந்து சக்கர நாற்காலியில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு அச்சகத்திலிருந்து போன். இது மூன்றாவது தடவையாம். பிழை திருத்த வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மானேஜர் நல்லவர்தான். "என்னம்மா பண்றது, புத்தகம் நிக்குமா?" என்றார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் கட்டாயம் என்று நகர மன்றத்தில் தீர்மானம் வருகிறதாமே. என் கவுன்சிலர் தம்பி கை தூக்குவான் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

அன்று சரக்கு லாரி வந்துவிட்டது. மன்னித்துவிடு. இனி நானே வருகிறேன்.

தீர்மானத்தை எதிர்த்துத்தான் பேசினேன். அவரவர் கட்டடம், அவரவர் விருப்பம். அரசாங்கம் உள்ளே நுழைந்து இதைக் கட்டு, அதை இடி என்றால் சுதந்திரம் என்று எதைச் சொல்வது? "நான் என்ன படிக்கணும்னு நீங்க யாரு சொல்ல?" என்று அப்பாவிடம் சண்டை போட்டவள் நீதானே? வெளியே போகாதே என்று உன்னை இன்று யாராவது தடுக்கிறார்களா?

வாக்கெடுப்பு இருபத்திரண்டாம் தேதி. கோபப்படாதே.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

பேப்பர் பார்த்தேன். "என் சொந்த அக்கா மூன்றாவது மாடியில் சந்தோஷமாக இருக்கிறார். குடும்பத்தின் அன்பு இருக்கும்போது சட்டம் எதற்கு?" என்று பேசியிருக்கிறாய். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'கைதட்டல்'. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. விஷயம்தான் பிழை.

நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று என்னிடம் கேட்டாயா?

யாரும் தடுக்கவில்லை, வாஸ்தவம். கதவு திறந்துதான் கிடக்கிறது. அப்பா பூட்டினார், நான் கத்தினேன், திறந்தார். நாற்பத்தெட்டுப் படிகளிடம் யார் கத்துவது? நீ வரும்போது வலிக்காமல்தான் தூக்குகிறாய். ஆனால் எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குகிறாய். எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தடவையாவது யாரிடமும் சொல்லாமல் தெருவுக்குப் போக வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன் பொதுமக்களும் பேசலாமாம். பெயர் கொடுத்துவிட்டேன்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

நீ வந்து பேசினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? உன் கட்டட உரிமையாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதமே அங்கே லிஃப்ட் வரும். சத்தியம். அதுதானே உனக்கு வேண்டும்? வராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 20

தம்பி,

கடிதத்தைப் படித்ததும் அழுதுவிட்டேன். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பார், நீ நினைத்ததும்.

எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து ஒன்றரை வருடமாக இறங்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல்தான் எங்கள் பேச்சு. "உனக்கென்னம்மா, தம்பி இருக்கான்" என்று நேற்றும் சொன்னார். தம்பி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், சொல்?

லிஃப்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் வருவேன். தீர்மானம் தோற்றால் தோற்றுப்போகட்டும். அச்சகத்துத் தோழிகள் நாலு பேர் என்னை இறக்க வருகிறார்கள்.

அங்கே என்னை அக்கா என்று கூப்பிடாதே. மற்றவர்களுக்குக் கொடுக்கிற மூன்று நிமிடத்தை எனக்கும் கொடு. நடுவில் பேசாதே.

மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்