கீழ்மடு மீன்கள்

சேசு மரி சூசை
அரிசி மில், வெள்ளாற்றங்கரை,
புதுக்கோட்டை.
14-2-1959

அன்பு மகள் வியாகுலமேரிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

விடுதிச் சாம்பாரை நீ திட்டி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தோம். திட்டத் தெம்பு இருக்கிறவரை பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

நீ சொன்னபடியே செய்தாயிற்று. ஆற்றில் ஓட்டம் நின்று மடுக்களில்தான் தண்ணீர் கிடக்கிறது. மில்லுக்கு மேற்கே இருக்கிற மேல்மடுவிலும், நம் மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் போய் விழுகிற கீழ்மடுவிலும் மூக்கனை வலை வீசச் சொன்னேன். அகப்பட்டதை எல்லாம் தனித்தனிப் பாட்டிலில் பார்மலின் ஊற்றி, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, ரயிலில் பார்சல் போட்டிருக்கிறேன். "திங்காம எண்ணிப் பாக்கிறதுக்கா ஐயா மீனு?" என்று மூக்கன் கேட்கிறான். என் மகள் எம்.எஸ்ஸி. படிக்கிறாள், இந்த ஆற்றில் என்னென்ன மீன் இருக்கிறது என்று அவள் சொன்னால்தான் சர்க்காருக்கே தெரியும் என்றேன். நெடி தாங்காமல் உன் அம்மா மீதிப் பாட்டில்களை ஆட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மாதாமாதம் தவறாமல் அனுப்புவேன். மானேஜர் வேலையோடு இதுவும் எனக்கு ஓர் உத்தியோகம் என்று வைத்துக்கொள்.

உன் அப்பா,
ஆரோக்கியமுத்து

---

சென்னை
16-3-1959

அன்புள்ள அப்பாவுக்கு மேரி வணக்கம்.

இரண்டு பார்சலும் சேதமில்லாமல் வந்தன. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எங்கள் பேராசிரியை, "உன் அப்பாவை நம் கல்லூரியில் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்றார்.

மேல்மடுப் பாட்டிலில் அயிரை, ஆரால், உளுவை, கெண்டை, கெளுத்தி, குரவை என்று ஒரு சந்தையே இருக்கிறது. கீழ்மடுவில் கெளுத்தியும் குரவையும் மட்டும். அவற்றின் குடலை அறுத்துப் பார்த்தால் தவிடும் உமிச் சாம்பலும். நெல் ஊறிய தண்ணீர் மடுவில் தேங்கிப் புளித்துப்போனால் மீனுக்கு மூச்சு முட்டும். அடிமண்ணோடு வாழ்கிற அயிரையும் ஆராலும்தான் முதலில் போகும். அப்படித்தானா என்று கோடை முழுக்கப் பார்க்கப்போகிறேன்.

அப்பா, இது நீங்கள் வேலை பார்க்கும் மில். பெயரைப் போடமாட்டேன். ஆனாலும் உங்களுக்குச் சங்கடம் என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு ஆறு பார்த்துக்கொள்கிறேன். மனத்தில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாதீர்கள்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் முத்தங்கள்.

மேரி

---

சேசு மரி சூசை
அரிசி மில்
22-4-1959

அன்பு மகளுக்கு,

வேறு ஆறு எதற்கு? உன்னைப் படிக்க அனுப்பியவன் உனக்கு ஆறு தரமாட்டேனா?

முதலாளியிடம் பேசினேன். மில்லுக்குப் பின்னால் பெரிய குழி ஒன்று வெட்டி ஊறல் தண்ணீரை அதில் விடச் சொல்லிவிட்டார். இப்போது ஆற்றில் ஒரு சொட்டு இறங்குவதில்லை. கீழ்மடுவில் மீன் திரும்பிவிட்டது. இந்த மாதப் பாட்டிலைப் பார், உனக்கே தெரியும்.

வெயில் கடுமை. மோர் குடி. ராத்திரி கண் விழித்துப் படிக்காதே.

உன் அப்பா,
ஆரோக்கியமுத்து

---

சென்னை
8-6-1959

அன்புள்ள அப்பா,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். சித்திரையிலும் வைகாசியிலும் கீழ்மடுவிலிருந்து வந்த மீன்கள் கொழுத்து இருக்கின்றன. ஆரால்கூட இருக்கிறது. குடலில் தவிடே இல்லை, பச்சைப் பாசிதான். கழிவை நிறுத்தினால் ஓர் ஆறு இத்தனை சீக்கிரம் தேறும் என்று நானே நினைக்கவில்லை. இதையே கட்டுரையாக எழுதினேன். பேராசிரியை அதை ஒரு கூட்டத்தில் வாசிக்கப்போகிறார், என் பெயரோடு.

உங்கள் முதலாளிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எல்லாரும் அவரைப்போல் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது.

மேரி

---

சேசு மரி சூசை
அரிசி மில்
1-7-1959

அன்பு மகளுக்கு,

கட்டுரை விஷயம் கேட்டு அம்மா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். முதலாளி ஒரு பிரதி கேட்கிறார், அனுப்பிவை. இதுவரை அனுப்பிய மீன் உன் படிப்புக்குப் போதாதா? மூக்கனுக்கு முன்போல் உடம்புக்கு முடியவில்லை. எனக்கும் மில்லில் வேலை அதிகம்.

ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு நீ வருவதாக எழுதியிருக்கிறாய். வழியில் கூட்டம் இருக்கும், செலவும் அலைச்சலும். கிறிஸ்துமசுக்கு வந்தால் போதுமே என்று தோன்றுகிறது. உன் இஷ்டம்.

ஆரோக்கியமுத்து

---

சென்னை
19-8-1959

அப்பாவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கியபோது வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இறைச்சி சேர்க்காத சுத்த போசன நாளில் ஆற்று மீன் இல்லாமல் நம் வீட்டில் நான் சாப்பிட்டதே இல்லை. கேட்டதற்கு அம்மா சொன்னார்கள்: "ஆத்துல ஏதுடி மீனு? ஒனக்கு அனுப்புறதுக்கே ஒங்கப்பா சைக்கிள எடுத்துக்கிட்டு அங்கிட்டு தாமரைக் கண்மாய்க்கில்ல போயி வாங்கிட்டு வாராக." உங்களுக்குத்தான் கஷ்டம் என்று அம்மா பரிந்து பேசினார்கள். நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கீழ்மடுவுக்குப் போனேன். குழி எதுவும் இல்லை. மில் வாய்க்கால் நேராக ஆற்றில்தான் விழுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அங்கே மூக்கன் பெண்சாதி மூக்காயி குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க வீட்டு ஆளு சித்திரையோட வலையச் சுருட்டிப் போட்டாச்சு. மாடு இந்தத் தண்ணில வாய் வைக்க மாட்டேங்குது. தெருவே சேந்து மனுக் குடுத்தோம். வந்த அதிகாரிகிட்ட ஒங்க மொதலாளி ஏதோ காயிதத்தக் காட்டுனாக. மெட்ராசுல படிச்ச பொண்ணு எழுதிருக்கு, ஆத்துக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி மனுவத் தள்ளிப்புட்டாக. அது நீங்கதானா தாயி?"

ஆமாம் என்றேன்.

அப்பா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்மாய் மீனைக் கீழ்மடு மீன் என்று எழுதி ஒட்டினீர்களே, அது எனக்காகவா, மில்லுக்காகவா? பதில் வந்த பிறகுதான் பேராசிரியையிடம் போவேன்.

மேரி

---

சேசு மரி சூசை
அரிசி மில்
26-8-1959

என் ஆத்தா மேரிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

முதல் தடவை உனக்காக. சித்திரையில் மூக்கன் பொழுது சாயும்வரை வீசியும் செத்த குரவை ஒன்றுதான் வந்தது. காலிப் பாட்டிலை அனுப்பினால் உன் படிப்பு நின்றுவிடும் என்று பயந்தேன். மில்லில் மூட்டை குறைந்தால் நஷ்டம். உன் படிப்பிலும் மீன் குறைந்தால் நஷ்டம் என்றே நினைத்துவிட்டேன். நீ சந்தேகப்படாமல் இருக்கத்தான் குழி என்று ஒன்றை எழுதினேன்.

அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் மில்லுக்காக. மனு விஷயம் முதலாளி காதுக்கு வந்துவிட்டது. உன் ஆராய்ச்சியைப் பற்றி நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். நீ அனுப்பிய கட்டுரையை அவர் கேட்டார், கொடுத்தேன்.

மேரி, இதைப் பேராசிரியையிடம் சொல்லாதே. நாம் குடியிருக்கிற வீடு மில்லுடையது. உன் தங்கைக்குத் தை மாதம் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கப் பேசியிருக்கிறோம். இந்த ஒரு தடவை அப்பாவுக்காகப் பொறுத்துக்கொள்.

ஆரோக்கியமுத்து

---

சென்னை
11-9-1959

அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். மனுவை விசாரித்த அதிகாரிக்கும் எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்த வருஷம் எனக்குப் பட்டம் இல்லை. பேராசிரியை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாட்டில்களை அனுப்பியது யார் என்று எழுதச் சொன்னார்கள். நானே குழப்பிவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்க்கு மேல் இன்னொரு பொய் எழுதக் கை வரவில்லை. 'என் தகப்பனார்' என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அப்பா, நீங்கள் பயந்த அந்தக் காலிப் பாட்டில்தான் என் ஆராய்ச்சி. அதை அனுப்பியிருந்தால் நான் தேறியிருப்பேன், மூக்காயி மனுவும் தேறியிருக்கும். மீன் இல்லை என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அதை உங்களுக்கு முதலிலேயே நன்றாக விளக்கியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் வேலை தருகிறார்கள். இப்போதைக்கு ஊருக்கு வரவில்லை. பார்சல் அனுப்பவேண்டாம்.

வியாகுலமேரி

---

சேசு மரி சூசை
வியாகுல மாதா கோவில் தெரு,
ஆவூர்.
4-3-1960

அன்பு மகள் வியாகுலமேரிக்கு அப்பா எழுதுவது.

இது நான் எழுதுகிற ஐந்தாவது கடிதம். முந்தியவை கைக்கு வந்தனவா என்று தெரியவில்லை. அம்மா சுகம், கண்தான் மங்கல். தங்கைக்கு ஓலை வாசிப்பு தள்ளிப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் இங்கே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மில்லை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. நீ எழுதாமல் இருப்பதில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

மூக்காயி தெருவார் மறுபடி மனுக் கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி வந்து பார்த்து, ஊறல் தண்ணீரை ஆற்றில் விடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மழையில் ஆறு ஓடிக் கீழ்மடுவைக் கழுவிவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று பஸ் ஏறிப் போய் மூக்கனை வலை வீசச் சொன்னேன். உச்சிவெயில் வரை வீசினான். மேலிருந்து தண்ணீரோடு இறங்கிய கெண்டை கொஞ்சம். அயிரை இல்லை. ஆரால் இல்லை. அடிமண் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

நம்பு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு தடவை வந்து உன் கண்ணால் பார்த்துவிட்டுப் போ.

உன் அப்பா,
ஆரோக்கியமுத்து